பார்த்தால் பேனா, இழுத்தால் நிகோடின்! “வெறும் ஆவிதானே” என்று ஏமாறும் வாலிபர்கள்

சிவகிரி —

சட்டைப் பையில் சொருகினால் பேனா மாதிரி இருக்கும். மேஜை மேல் வைத்தால் பென் டிரைவ் மாதிரி இருக்கும். தீப்பெட்டி வேண்டாம். சாம்பல் விழாது. வாயில் வைத்து இழுத்தால் வெள்ளை வெளேர் என்று புகை வரும். பக்கத்தில் நிற்பவர் மூக்கில் மாம்பழ வாசனை அடிக்கும். இல்லாவிட்டால் எலுமிச்சை, புதினா, பபிள்கம்.

இதுதான் இ-சிகரெட். மின்னணு சிகரெட் என்று சட்டம் சொல்கிறது. பையன்கள் பாஷையில் “வேப்”.

புளியங்குடி சந்தையில் மூட்டை மூட்டையாகக் குவிகிற எலுமிச்சம்பழத்துக்கும், இந்த எலுமிச்சை வாசனைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இது ரசாயன வாசனை. உள்ளே இருக்கும் நிகோடினின் காரம் தொண்டைக்குத் தெரியாமல் இருக்க, மேலே பூசிய இனிப்பு.

“இது புகையே இல்லை, வெறும் ஆவி. சிகரெட் மாதிரி கெடுதல் கிடையாது” என்பதுதான் இதை இழுக்கும் வாலிபர்கள் சொல்லும் ஒரே வாதம். கேட்பவருக்கும் நியாயமாகத்தான் படுகிறது. அதனால் அந்த ஆவிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்து விடுவது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது?

கருவி என்னவோ சின்னதுதான். ஒரு லித்தியம் பாட்டரி. ஒரு கம்பிச் சுருள். அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சில் ஊறிய ஒரு திரவம். இழுத்த உடனே கம்பி சூடேறும். திரவம் ஆவியாகும். அது நேராக நுரையீரலுக்குப் போகும்.

அந்தத் திரவத்தில் பெரும் பகுதி இரண்டு சரக்கு. ஒன்று புரொப்பிலீன் கிளைக்கால். மற்றொன்று கிளிசரின். கூடவே நிகோடின், வாசனைப் பொருள்கள்.

“கிளிசரின்தானே? மருந்துக் கடையில் விற்கிறார்களே. கேக்கில் கூடப் போடுகிறார்களே!” என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வயிறு வேறு, நுரையீரல் வேறு.

இதைப் புரிந்து கொள்ள விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. அடுப்படியில் நின்றால் போதும். மிளகாய் வத்தலைக் குழம்பில் போட்டால் ருசி. அதையே வெறும் சட்டியில் போட்டு வறுத்தால் என்ன ஆகிறது? தெருவில் போகிறவன் கூட இருமுகிறான். சாப்பிடுகிற பொருள்தான். மூச்சில் ஏறினால் நெடி.

அப்பளம் பொரிக்கும் எண்ணெய் கருகினால் கண்ணைக் கரிக்கிறது, தொண்டை கமறுகிறது அல்லவா? அந்தக் கமறலுக்கு முக்கியக் காரணம் அக்ரோலின் என்ற ரசாயனம். கிளிசரினை அதிகமாகச் சூடாக்கினாலும் அதே அக்ரோலின்தான் உண்டாகிறது. இ-சிகரெட் ஆவியில் அது இருப்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. பிணம் கெடாமல் இருக்கப் பயன்படும் பார்மலினில் உள்ள பார்மால்டிஹைடும் அந்த ஆவியில் இருக்கிறது. கம்பி எவ்வளவு சூடாகிறதோ, அவ்வளவு கூடுதலாக இவை வரும். வாலிபன் மாம்பழம் என்று நினைத்து இழுக்கிறான். கூடவே கருகிய எண்ணெயையும் சேர்த்து இழுக்கிறான்.

கம்பியும் சும்மா இருப்பதில்லை. 2018-ம் ஆண்டு அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், தினமும் வேப் இழுக்கும் 56 பேரின் கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். அவற்றின் ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் இருந்தன. பாட்டிலில் இருந்த திரவத்தில் கொஞ்சமாக இருந்த உலோகம், கருவிக்குள் போய்ச் சூடான பிறகு கூடியிருந்தது.

பாப்கார்ன் கம்பெனியில் நடந்தது

சாப்பிடலாம் என்பதற்காகச் சுவாசிக்கலாமா? இந்தக் கேள்விக்கு வேப் பிரபலமாவதற்கு முன்பே ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு பாப்கார்ன் தொழிற்சாலை. 2000-ம் ஆண்டில் அங்கே வேலை செய்த 8 பேருக்கு ஒரே மாதிரி நுரையீரல் நோய் இருப்பது டாக்டர்களுக்குத் தெரிய வந்தது. மூச்சுக் குழாயின் நுனிகள் தழும்பேறி அடைத்துப் போகும் நோய் அது. ஒரு தடவை வந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. காரணம், பாப்கார்னுக்கு வெண்ணெய் வாசனை கொடுக்கச் சேர்த்த டைஅசிட்டைல் என்ற பொருள். அந்தப் பாப்கார்னைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூடான கலவையின் ஆவியைத் தினமும் முகர்ந்த தொழிலாளிகள்தான் மாட்டிக் கொண்டார்கள்.

இதே டைஅசிட்டைல் பல இ-சிகரெட் திரவங்களிலும் இருப்பது பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. வேப் இழுக்கிற எல்லோருக்கும் இந்த நோய் வந்து விடும் என்று சொன்னால் அது மிகை. ஆனால் எந்தப் புட்டியில் அது இருக்கிறது, எந்தப் புட்டியில் இல்லை என்று சிவகிரியில் நிற்கும் வாலிபனால் கண்டுபிடிக்க முடியாது. விற்கிறவனுக்கே தெரியாது.

68 பேர் சாவு

2019-ம் ஆண்டு அமெரிக்காவை ஒரு மர்ம நோய் ஆட்டிப் படைத்தது. நல்ல திடகாத்திரமான வாலிபர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இருமல், நெஞ்சுவலி, காய்ச்சல், வாந்தி. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் இரண்டும் வெள்ளை. நிமோனியா என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை.

விசாரித்ததில் ஒரே ஒரு ஒற்றுமை. எல்லோரும் வேப் இழுத்தவர்கள்.

2020 பிப்ரவரி 18-ந் தேதி வரை எடுத்த கணக்குப்படி 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், அல்லது இறந்தார்கள். செத்தவர்கள் 68 பேர். நோய் கண்டவர்களில் பாதிப் பேர் 24 வயதோ அதற்குக் கீழோ.

முக்கியக் குற்றவாளி யார் தெரியுமா? வைட்டமின் ஈ! கஞ்சா எண்ணெய் அடைத்து விற்ற புட்டிகளில், சரக்கு கெட்டியாகத் தெரிய வேண்டும் என்று வைட்டமின் ஈ அசிடேட்டைக் கலந்திருக்கிறார்கள். பாலில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரியான கலப்படம். வைட்டமின் ஈ மாத்திரையாக விழுங்கினால் கெடுதல் இல்லை. தோலில் தடவினாலும் இல்லை. சூடாக்கி நுரையீரலுக்குள் அனுப்பியபோது ஆளையே கொன்று விட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் கஞ்சா கலந்த புட்டி இழுத்தவர்கள். நிகோடின் மட்டும் இழுத்ததாகச் சொன்னவர்களும் நோயாளிகளில் இருந்தார்கள்.

திருட்டுச் சரக்கு எப்படி ஆளைக் காலி செய்யும் என்பதற்கு இதை விட உதாரணம் வேண்டாம். நம் நாட்டில் கிடைப்பது முழுக்க முழுக்கத் திருட்டுச் சரக்கு என்பதையும் சேர்த்து நினைத்துக் கொள்ள வேண்டும்.

பூச்சி மருந்து

நிகோடின் என்றால் என்னவென்று பழைய விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். புகையிலையை ஊற வைத்து, அந்தத் தண்ணீரை அசுவினிப் பூச்சிக்குத் தெளிப்பது வயற்காட்டில் நெடுநாளாக இருந்து வரும் வழக்கம். பூச்சியைக் கொல்லுகிற அதே நிகோடின்தான் வேப் திரவத்தில் இருக்கிறது.

எவ்வளவு இருக்கிறது? “5 சதவீதம்” என்று பெட்டியில் எழுதியிருந்தால், ஒரு மில்லிக்குச் சுமார் 50 மில்லி கிராம். 2 மில்லி திரவம் உள்ள கருவியில் 100 மில்லி கிராம். ஒரு சிகரெட் குடித்தால் உடம்பில் ஏறுகிற நிகோடின் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லி கிராம்தான். கருவியில் இருக்கும் அத்தனையும் உடம்பில் ஏறி விடாது. ஆனாலும் கணக்கு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. எரிந்து தீர்ந்தால் கீழே போட்டு மிதித்து விட வேண்டியதுதான். மறுபடி குடிக்க வேண்டுமானால் பெட்டிக்கடைக்குப் போக வேண்டும், காசை எடுக்க வேண்டும். வேப்புக்கு அந்த முடிவே கிடையாது. படுக்கையிலும் கையில் இருக்கும். பாத்ரூமிலும் இருக்கும். காலையில் இருந்து எத்தனை தடவை இழுத்தான் என்று கேட்டால் அவனுக்கே கணக்குத் தெரியாது.

முன்பு புகையிலைத் திரவம் தொண்டையைக் கிழிக்கும். அதனாலேயே அதிகம் இழுக்க முடியாது. இப்போது நிகோடினை உப்பாக மாற்றிச் சேர்க்கிறார்கள். தொண்டைக்கு வழுக்கிக் கொண்டு போகும். போகிற அளவும் கூடுகிறது. நாடி துடிப்பு ஏறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. மூளை வளர்ச்சி 25 வயது வரை நடக்கிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்த வயதுக்குள் நிகோடின் பழகினால் விடுவது கஷ்டம். படிப்பில் கவனம் சிதறும். இழுக்காவிட்டால் எரிச்சல், கை நடுக்கம், தூக்கமின்மை.

“நிகோடின் இல்லாதது” என்று எழுதி விற்பதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அப்படிப்பட்ட சரக்கை வாங்கிச் சோதித்தபோது, பலவற்றில் நிகோடின் இருந்தது!

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. திரவம் மிட்டாய் மாதிரி மணக்கும். 2014 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், இந்தத் திரவத்தைக் குடித்து விட்ட ஒரு வயதுக் குழந்தை இறந்து போனது. பாட்டரியும் நம்பத் தக்கதல்ல. 2018-ல் புளோரிடாவில் ஒருவர், 2019-ல் டெக்சாசில் 24 வயது வாலிபர், இழுத்துக் கொண்டிருந்த கருவி வெடித்துச் செத்திருக்கிறார்கள்.

பீடி சுற்றும் அம்மாவுக்குத் தெரியாத வாடை

தென்காசி மாவட்டத்தில் புகையிலை என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆலங்குளம், கடையம், கடையநல்லூர் பக்கம் வீட்டுக்கு வீடு மடியில் சுளகை வைத்துக் கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். புகையிலைத் தூளின் காரம் அவர்கள் விரலிலும் சேலையிலும் ஊறியிருக்கும். இருமலும் முதுகுவலியும் கூடவே இருக்கும். அந்தக் காசில்தான் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் காலேஜ் படிக்கிறார்கள்.

பையன் பீடியோ சிகரெட்டோ குடித்து விட்டு வந்தால், வாசற்படி தாண்டும் முன்பே அம்மாவுக்குத் தெரிந்து விடும். வேப் இழுத்து விட்டு வந்தால் தெரியாது. மிட்டாய் தின்று விட்டு வந்தான் என்றுதான் நினைப்பாள். அவள் நாள் கணக்கில் குனிந்து சுற்றிய பீடிக்கு வந்த கூலி, ஒரே ஒரு கருவியின் விலைக்குக் காணாது.

பீடி தேவலை என்று இதற்கு அர்த்தம் அல்ல. பீடியும் கொல்லும். ஆனால் பீடிக் கட்டின் மேல் கூட நோயாளியின் படம் போட்டு எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கள்ளத்தனமாக வரும் வேப் பெட்டியில் அந்தப் படத்தைத் தேடினாலும் கிடைக்காது. பழத்தின் படம்தான் இருக்கும்.

சிவகிரி சின்ன ஊர்தானே, இங்கே எங்கே இதெல்லாம் என்று இருந்து விட முடியாது. ராஜபாளையத்தில் இருந்து தென்காசி போகிற பஸ் எல்லாம் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள். சீசன் வந்து விட்டால் குற்றாலத்துக்கு ஊர் உலகமே வருகிறது. வருகிறவர் பையை யார் திறந்து பார்த்தது? சார்ஜர் மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஓராண்டு சிறை

தமிழ்நாட்டில் 2018-ம் ஆண்டிலேயே இ-சிகரெட்டுக்குத் தடை போட்டு விட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நாடு முழுவதும் தடை வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 2019 செப்டம்பர் 18-ந் தேதி மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் அது நிரந்தரச் சட்டம் ஆயிற்று. இரண்டுக்கும் நடுவில், நவம்பர் 22-ந் தேதிதான் தென்காசி மாவட்டம் உதயமானது. ஆக, மாவட்டம் பிறந்த நாளில் இருந்து இங்கே ஒரு வேப் கூடச் சட்டப்படி விற்கப்பட்டது கிடையாது!

கடைக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தயாரித்தாலோ, விற்றாலோ, பஸ்ஸில் பார்சல் அனுப்பினாலோ, விளம்பரம் செய்தாலோ முதல் தடவைக்கு ஓராண்டு வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்றாண்டு வரை ஜெயில், ஐந்து லட்சம் வரை அபராதம். “நான் விற்கவில்லை, ஒருத்தர் வைத்து விட்டுப் போனார்” என்று சொன்னால் தப்பிக்க முடியாது. சேமித்து வைத்ததற்கே ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சப்-இன்ஸ்பெக்டர் பதவியில் இருக்கும் போலீஸ் அதிகாரியே சோதனை போடலாம். மின்னணு ஹூக்காவும் இதில் அடக்கம்.

இழுப்பதற்கு என்று தனியாகச் சட்டத்தில் தண்டனை சொல்லவில்லை. ஆனால் எந்த விதத்தில், எத்தனை வைத்திருந்தாலும் சட்ட விரோதம்தான் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2023-ல் விளக்கம் கொடுத்து விட்டது.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் சரக்கு எப்படி வருகிறது? கப்பலில் வருகிறது, விமானத்தில் வருகிறது. 2022 செப்டம்பரில் குஜராத்தில் உள்ள முந்த்ரா துறைமுகத்தில் வருவாய் புலனாய்வு அதிகாரிகள் பிடித்தது மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இ-சிகரெட்டுகள். மதிப்பு சுமார் 48 கோடி ரூபாய். பிடிபட்டது இவ்வளவு. பிடிபடாததுதான் பெட்டிக்கடை வரை வந்து சேர்கிறது.

சிங்கப்பூர் போகிறவர்கள் கவனத்துக்கு

இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அங்கே 2018 பிப்ரவரி 1-ந் தேதியில் இருந்து வேப் வாங்குவதும், இழுப்பதும், கையில் வைத்திருப்பதும் குற்றம். 2025-ல் அங்கே புதிதாக ஒரு பூதம் கிளம்பியது. ஆபரேஷனுக்கு முன்பு மயக்கம் கொடுக்க ஊசியில் போடும் எடோமிடேட் மருந்தை வேப் புட்டியில் கலந்து விற்றார்கள். இழுத்த பிள்ளைகள் ரோட்டில் தள்ளாடினார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் அந்த அரசு எடோமிடேட்டைப் போதைப் பொருள் பட்டியலில் சேர்த்து விட்டது. 2025 செப்டம்பரில் வந்த விதிப்படி, சாதாரண வேப்போடு முதல் தடவை பிடிபட்டாலே பெரியவர்களுக்கு 700 வெள்ளி அபராதம். வெளிநாட்டுத் தொழிலாளி மறுபடி பிடிபட்டால் வேலை அனுமதி போய், ஊருக்கு விமானம் ஏற வேண்டி வரலாம். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தை யார் கொடுப்பார்?

லண்டன்காரர்கள் வேறு மாதிரி சொல்கிறார்களே?

விவரம் தெரிந்த வாலிபர்கள் இதைக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் சிகரெட்டை விட முடியாமல் தவிக்கும் பெரியவர்களுக்கு, அதை விட்டு வேப்புக்கு மாறும்படி டாக்டர்களே சொல்வது உண்டு. சிகரெட்டில் தார் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் கெடுதல் குறைவு என்பது அவர்கள் கட்சி. நிகோடின் வேப்பின் துணையால் சிகரெட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன.

ஆனால் அங்கே ஒரு மில்லிக்கு 20 மில்லி கிராம் நிகோடினுக்கு மேல் போனால் குற்றம். 18 வயதுக்குக் கீழே விற்றால் குற்றம். அப்படியும் பள்ளிப் பிள்ளைகள் கைக்குப் போய் விட்டது என்று, 2025 ஜூன் 1 முதல் உபயோகித்துத் தூக்கி எறியும் வேப்பை அந்த நாடே தடை செய்து விட்டது. சிகரெட்டே குடிக்காதவர் வேப்பைத் தொடக் கூடாது என்றுதான் அந்த டாக்டர்களும் சொல்கிறார்கள். இங்கே இழுக்கத் தொடங்குகிற பையன் எந்தச் சிகரெட்டை விடுவதற்காக இழுக்கிறான்?

இதைக் கண்டுபிடித்த கதையும் விசித்திரமானது. 2003-ல் இன்றைய வேப்பை உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். அவர் அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்து போனார். அவரும் சிகரெட்டை விட முடியாமல் தவித்தார். விடுவதற்கு வழி தேடப் போய்ச் செய்த கருவி, சிகரெட்டையே தொடாத பிள்ளைகளின் பைக்குள் வந்து உட்கார்ந்து விட்டது.

விட வேண்டும் என்றால்

1800-11-2356 என்ற இலவச நம்பருக்குப் போன் செய்யலாம். புகையிலைப் பழக்கத்தை விட மத்திய அரசு நடத்தும் உதவி எண் இது. 2 மில்லி கிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. எவ்வளவு, எத்தனை நாள் என்று டாக்டரைக் கேட்டுக் கொள்வது நல்லது. நிறுத்திய முதல் சில நாள் எரிச்சல், தலைவலி, பசி இருக்கும். போகப் போகக் குறையும். பிள்ளை பையில் கருவியைப் பார்த்து விட்டால் எடுத்த எடுப்பில் அடிப்பதில் பிரயோசனம் இல்லை. அடிக்குப் பயந்து, இழுப்பதை மறைவிடத்துக்கு மாற்றிக் கொள்வான்.

முக்கியமான ஒரு விஷயம். இழுக்கிற பழக்கம் உள்ள வாலிபனுக்கு இருமல் விடாமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். டாக்டர் வழக்கம் போல, “சிகரெட் குடிப்பியாப்பா?” என்று கேட்பார். அம்மா பக்கத்தில் நிற்பாள். பையன் “இல்லை டாக்டர்” என்பான். அது பொய்யும் அல்ல. சளி மருந்து எழுதி அனுப்பி விடுவார்கள். அமெரிக்காவில் முதலில் வந்தவர்களுக்கும் நிமோனியா என்றுதான் மருந்து கொடுத்தார்கள். வேப் இழுத்தேன், இன்ன சரக்கு, கடைசியாக இன்ன நாள் என்று சொன்னால்தான் டாக்டருக்கு எதைத் தேடுவது என்று தெரியும். கருவி கையில் இருந்தால் அதையும் எடுத்துப் போய்க் காட்ட வேண்டும்.